மொழிபெயர்த்தது பக்கத்தில் வரவில்லையா? ஸ்பிங்க்ஸ் ஆவணங்களில் பிழையை அறிகுறி வைத்துப் பிடிப்பது

பைத்தான் மொழியின் அதிகாரபூர்வ ஆவணம் ஸ்பிங்க்ஸ் கருவியால் உருவாகிறது. அதை வேற்று மொழிகளுக்குக் கொண்டுபோகும் முறையை 2017இல் எழுதப்பட்ட பெப் 545 (பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) வகுத்தது: மூல ஆவணத்தைத் தொடாமல், கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித்தொகுப்பின் பட்டியல்கள் வழியாக மொழிபெயர்ப்பது. ஸ்பிங்க்ஸில் ஆவணம் வைத்திருக்கும் ஏராளமான திட்டங்கள் இதே வழியில்தான் போகின்றன. மொழிபெயர்ப்பாளர் கைக்கு வருவது பிஓ கோப்பு. அதில் மூல வரி ஒன்று, அதன் கீழே பெயர்ப்பு வரி ஒன்று என்று இரட்டை இரட்டையாக இருக்கும். பார்க்க எளிது. ஆனால் பெயர்ப்பு வரியை நிரப்பியவுடன் அது பக்கத்தில் தோன்றிவிடும் என்று நம்பக் கூடாது. நடுவே நாலைந்து கட்டங்கள் இருக்கின்றன, எந்தக் கட்டத்திலும் அது நின்றுபோகலாம்.

இங்கே கருவிகள், கட்டளைகள், அமைப்புகளின் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். முனையத்தில் அவற்றின் வழக்கமான எழுத்திலேயே தட்டச்ச வேண்டும்.

எதையும் திருத்தும் முன்: எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

சங்கிலி இதுதான். மூல ஆவணத்திலிருந்து 'மேக் கெட்டெக்ஸ்ட்' கட்டளை பிஓடி வார்ப்புருக்களை எடுக்கிறது. 'ஸ்பிங்க்ஸ்-இன்டல் அப்டேட்' அவற்றை உங்கள் மொழியின் பிஓ கோப்புகளோடு இணைக்கிறது. பில்டின்போது, அதாவது பக்கங்களைக் கட்டும்போது, பிஓ கோப்பு எம்ஓ என்ற இரும வடிவத்துக்கு மாறுகிறது. ஸ்பிங்க்ஸ் மூல ஆவணத்தைப் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் எம்ஓவில் பெயர்ப்பு உண்டா என்று தேடி, இருந்தால் மாற்றிப் போடுகிறது. கடைசியில் பக்கம் எழுதப்படுகிறது.

பிழை வந்தால் பின்னாலிருந்து முன்னால் நடந்து பாருங்கள். பில்டு கோப்பகத்தை முழுக்க அழித்துவிட்டு மறுபடி கட்டிப் பாருங்கள். அல்லது ஸ்பிங்க்ஸ்-பில்டுக்கு பெரிய எழுத்து 'இ' தெரிவைக் கொடுங்கள், அது பழைய நினைவகத்தை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் படிக்கும். பிழை போய்விட்டால், பழைய டாக்ட்ரீ கோப்புகள், அதாவது படித்ததை ஸ்பிங்க்ஸ் சேமித்து வைத்த கோப்புகள்தான் காரணம். இரண்டு மொழிகளை ஒரே டாக்ட்ரீ கோப்பகத்தில் கட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மொழிக்கு ஒரு கோப்பகம் என்று சின்ன எழுத்து 'டி' (d) தெரிவால் பிரித்து வைத்தால் திரும்ப வராது.

போகவில்லையென்றால் எம்ஓ கோப்பின் நேரத்தைப் பாருங்கள். பிஓவைவிட அது பழையதாக இருந்தால் தொகுப்புக் கட்டம் நடக்கவில்லை. 'கெட்டெக்ஸ்ட்_ஆட்டோ_பில்டு' அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும், யாரோ அணைத்திருப்பார்கள். எம்ஓ புதிதாக இருந்தும் பக்கம் மாறவில்லையென்றால் கீழே உள்ள அறிகுறிகளில் ஒன்று பொருந்தும்.

அறிகுறி: மெனுவும் 'அடுத்து', 'முந்தையது' பொத்தான்களும் தமிழில், உள்ளடக்கம் முழுக்க ஆங்கிலம்

மொழி அமைப்பு சரியாகத்தான் இருக்கிறது. பொத்தான்களின் சொற்கள் ஸ்பிங்க்ஸோடு வரும் அதன் சொந்தப் பட்டியலிலிருந்து வருபவை. உங்கள் பட்டியல்தான் கண்ணில் படவில்லை.

பாதையைச் சரிபாருங்கள். 'லொகேல்_டிர்ஸ்' அமைப்பில் சொன்ன கோப்பகம், அதற்குள் மொழிக்குறி (தமிழுக்கு டிஏ, ta), அதற்குள் எல்சி_மெசேஜஸ், அதற்குள் பிஓ. எல்சி_மெசேஜஸ் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மேக், விண்டோஸ் கணினிகளில் சின்ன எழுத்தில் வைத்தாலும் ஓடிவிடும், லினக்ஸ் சேவையகத்தில் ஏறியவுடன் மொத்தமும் ஆங்கிலமாகும். 'என் கணினியில் சரியாக வருகிறதே' என்ற முறையீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். லொகேல்_டிர்ஸ் பாதை மூல ஆவணக் கோப்பகத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் கட்டளை கொடுக்கும் இடத்தை வைத்து அல்ல.

அடுத்தது கோப்புப் பெயர். 'கெட்டெக்ஸ்ட்_காம்பேக்ட்' இயல்பு நிலையில் இருந்தால், ஒரு துணைக் கோப்பகத்தின் எல்லா ஆவணங்களும் ஒரே பிஓவில் சேரும். அதை அணைத்தால் ஆவணத்துக்கு ஒரு பிஓ. பைத்தான் ஆவணம் அணைத்து வைத்தே கட்டப்படுகிறது. பிஓடி எடுத்தபோது ஒரு நிலை, பக்கம் கட்டும்போது இன்னொரு நிலை என்றால் ஸ்பிங்க்ஸ் ஒரு பெயரில் தேடும், கோப்பு இன்னொரு பெயரில் கிடக்கும். எச்சரிக்கை ஒன்றும் வராது. இந்த அமைப்பைக் கட்டளை வரியில் கொடுக்காமல், ஸ்பிங்க்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃப் கோப்பிலேயே எழுதி வைப்பது நல்லது.

நேர்மாறாக, உள்ளடக்கம் தமிழிலும் பொத்தான்கள் ஆங்கிலத்திலும் இருந்தால், அந்தச் சொற்கள் ஸ்பிங்க்ஸின் பட்டியலில் இன்னும் பெயர்க்கப்படவில்லை, அல்லது பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் தீமுக்கு உரியவை. 'ஸ்பிங்க்ஸ்' என்ற பெயரிலேயே எம்ஓ ஒன்றை உங்கள் எல்சி_மெசேஜஸில் வைத்தால் முதல் வகைக்கு அது எடுபடும். தீமின் சொற்களைத் தீமிலேயே பார்க்க வேண்டும்.

அறிகுறி: பக்கம் தமிழில்தான், நடுநடுவே சில பத்திகள் மட்டும் ஆங்கிலம்

பெயர்ப்பு வரி காலியாக இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தும் வரவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது, ஃபஸி குறி. மூல ஆவணத்தில் ஒரு வரி மாறும்போது இணைப்புக் கருவி பழைய பெயர்ப்பைத் தூக்கி எறியாது. கிட்டத்தட்ட ஒத்த புது வரியோடு ஒட்டிவைத்து, மேலே 'ஃபஸி' என்று குறித்துவிடும். குறி உள்ள வரிகளை ஸ்பிங்க்ஸ் எடுத்துக்கொள்ளாது, ஆங்கிலத்தையே காட்டும். அதுதான் சரியும்கூட. 'பட்டியல் காலியாக இருந்தால் மெய்' என்பது மூலத்தில் 'காலியாக இல்லாவிட்டால் மெய்' என்று திருந்தியிருக்கும், ஒட்டப்பட்ட பெயர்ப்போ பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். எம்எஸ்ஜி-அட்ரிப் கருவியின் 'ஒன்லி-ஃபஸி' தெரிவு இந்த வரிகளை மட்டும் பிரித்துக் காட்டும். ஒவ்வொன்றையும் படித்துத் திருத்திய பிறகே குறியை நீக்க வேண்டும். அதே கருவியில் 'கிளியர்-ஃபஸி' என்று ஒரு தெரிவு உண்டு, எல்லாக் குறிகளையும் ஒரே அடியில் துடைத்துவிடும். முன்னேற்றப் பட்டை ஏறும், ஆவணம் பொய் சொல்லத் தொடங்கும். 'கெட்டெக்ஸ்ட்_அலோ_ஃபஸி_டிரான்ஸ்லேஷன்ஸ்' அமைப்பை இயக்குவதும் இதே வகைதான். முன்னோட்டம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மூல வரி பொருந்தவில்லை. பொருத்தம் எழுத்துக்கு எழுத்து நடக்கிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் அது வேறு வரி. ஆவணத்தின் ஒரு கிளையிலிருந்து எடுத்த பிஓவை வைத்து வேறு கிளையைக் கட்டினால் இப்படி அங்கங்கே ஓட்டை விழும். பைத்தான் மொழிபெயர்ப்புக் களஞ்சியங்கள் பதிப்புக்கு ஒரு கிளை வைத்திருப்பது இதற்காகத்தான். புதிதாக ஒரு பிஓடி எடுத்து, ஆங்கிலமாக நிற்கும் பத்தியின் முதல் நான்கு சொற்களை அதிலும் பிஓவிலும் தேடி ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் ஆளைச் சுற்ற வைக்கும். பெயர்ப்பு வரி நிரம்பியிருக்கிறது, ஃபஸி இல்லை, மூல வரியும் பொருந்துகிறது, ஆனாலும் பக்கத்தில் ஆங்கிலமே. பெயர்ப்பு வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். ஸ்பிங்க்ஸ் பெயர்ப்பு வரியைத் தனி ஆவணமாகப் படித்துப் பார்க்கிறது. அதன் விளைவு ஒரு பத்தியாக இருந்தால்தான் பயன்படுத்தும். பெயர்ப்பு ஒரு வெற்றிடத்தோடு தொடங்கினால் அது மேற்கோள் தொகுதியாகிவிடும். '1.' என்றோ, சிறுகோடும் வெற்றிடமுமாகவோ தொடங்கினால் பட்டியலாகிவிடும். பத்தி அல்ல என்பதால் சத்தமில்லாமல் கைவிடப்படும். வெற்றிடத்தை நீக்குங்கள். எண்ணில் தொடங்கத்தான் வேண்டும் என்றால் புள்ளிக்கு முன் விடுபடு குறி, அதாவது \ போடுங்கள். பிஓ கோப்பில் அதை \\ என்று இரட்டித்து எழுத வேண்டும். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

அறிகுறி: பேக்டிக் (`) குறிகள் பக்கத்தில் அப்படியே தெரிகின்றன, அல்லது அரை வாக்கியம் நிரல் எழுத்துருவில் வருகிறது

தமிழ் ஆவணங்களில் மிக அதிகமாக வரும் பிழை இது. ஆங்கிலம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தனிச் சொல்லை வைக்கிறது, நாம் வேற்றுமை உருபைப் பின்னால் ஒட்டுகிறோம். மூல ஆவணம் எழுதப்படும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் குறியீட்டு மொழியின் விதியோ, குறியீடு முடியும் இடத்தில் வெற்றிடமோ நிறுத்தற்குறியோ இருந்தே ஆக வேண்டும் என்கிறது. உருபின் முதல் எழுத்து இரண்டும் இல்லை.

``பிரின்ட்``ஐ அழையுங்கள்

இதில் இரண்டாவது இரட்டைப் பேக்டிக்கை 'முடிவு' என்று, இந்தக் குறியீட்டைப் படிக்கும் டாக்யூட்டில்ஸ் நிரல் ஏற்காது, ஏனென்றால் அதை ஒட்டியே 'ஐ' நிற்கிறது. தொடக்கக் குறி உண்டு, முடிவுக் குறி இல்லை என்ற பொருளில் 'இன்லைன் லிட்டரல் ஸ்டார்ட்-ஸ்ட்ரிங் வித்தவுட் எண்ட்-ஸ்ட்ரிங்' என்று எச்சரிக்கை வரும், பக்கத்தில் பேக்டிக்குகள் அப்படியே கிடக்கும். எச்சரிக்கை வருவதே நல்ல காலம். கீழே இருப்பதைப் பாருங்கள்:

``ஸ்டார்ட்``இல் இருந்து ``ஸ்டாப்`` வரை

முதல் குறி திறக்கிறது. அடுத்தது 'இல்'லை ஒட்டியிருப்பதால் முடிவாகாது. மூன்றாவதற்கு முன்னால் வெற்றிடம் இருப்பதால் அதுவும் முடிவாகாது. நான்காவதற்குப் பின் வெற்றிடம் இருக்கிறது, அது முடிவாகும். ஆக 'ஸ்டார்ட்' தொடங்கி 'ஸ்டாப்' வரை நடுவிலுள்ள தமிழும் சேர்ந்து ஒரே நிரல் துண்டாக வரும். விதிப்படி எல்லாம் சரி என்பதால் எச்சரிக்கையே இருக்காது. பில்டு சுத்தமாக முடிந்தது என்பதை மட்டும் நம்பாமல் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பது இதற்காகத்தான்.

திருத்த மூன்று வழி உண்டு. சிறுகோடு போடலாம்: ``பிரின்ட்``-ஐ. சிறுகோடு நிறுத்தற்குறிக் கணக்கில் வரும், வேலை முடிந்தது. ஆனால் பக்கத்துக்கு இருபது இடத்தில் கோடு தொங்கினால் படிக்கத் தடையாக இருக்கும். இரண்டாவது, விடுபட்ட வெற்றிடம்: முடிவுக் குறிக்குப் பின் \ ஒன்றும் ஒரு வெற்றிடமும். பக்கத்தில் இரண்டும் மறைந்து உருபு ஒட்டிக்கொள்ளும். பிஓ கோப்பில் இதை ஒற்றை \ ஆக எழுதினால் நடக்காது. பிஓவின் வடிவத்திலேயே \ க்குத் தனிப் பொருள் உண்டு. கெட்டெக்ஸ்ட் அதை விழுங்கிவிடும் அல்லது பிழை என்று சொல்லும். அதனால் இரட்டித்து எழுத வேண்டும்:

``பிரின்ட்``\\ ஐ அழையுங்கள்

வெப்லேட் போன்ற வலைத் திருத்திகளில் தட்டச்சினால் இரட்டிப்பதைத் திருத்தியே பார்த்துக்கொள்ளும்; அங்கே ஒற்றை \ போதும். அங்கும் இரட்டித்தால் பக்கத்தில் ஒரு \ தெரியும். கோப்பை நேராகத் திறப்பவரும் வலைத் திருத்தியில் எழுதுபவரும் ஒரே குழுவில் இருந்தால் இந்தக் குழப்பம் ஓயாது. குழுவின் வழிகாட்டியில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழி, வாக்கியத்தை மாற்றுவது. '``பிரின்ட்`` செயற்கூற்றை அழையுங்கள்', '``ஸ்டார்ட்`` முதல் ``ஸ்டாப்`` வரை', '``நன்`` என்பதைத் திருப்பித் தரும்'. உருபு ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல்லுக்குப் போய்விடுகிறது, குறியீடு வெற்றிடத்தில் முடிகிறது. எது செயற்கூறு, எது மாறி என்பதும் வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் பரிந்துரை எப்போதும் இதுதான். இடமில்லாத அட்டவணைக் கட்டங்களில் மட்டும் இரண்டாவது வழி.

இதே விதி தடித்த எழுத்துக்கும், :ஃபங்க்:`பிரின்ட்` போன்ற பங்குக் குறிகளுக்கும், இணைப்புகளுக்கும் பொருந்தும். மொத்தமாகத் தேட, ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும்) தேடலில் மூன்று துண்டுகளை வரிசையாகக் கொடுங்கள்: வெற்றிடமும் முக்காற்புள்ளியும் பேக்டிக்கும் அல்லாத ஓர் எழுத்து, அதன்பின் ஒன்றோ இரண்டோ பேக்டிக், அதை ஒட்டி ஒரு தமிழ் எழுத்து. முக்காற்புள்ளியை விலக்குவது ஏனென்றால், பங்குக் குறிக்குப் பின் திறக்கும் பேக்டிக்கும் தமிழ் எழுத்தோடு தொடங்கலாம், அது பிழை அல்ல. தமிழ் எழுத்தின் வீச்சு ஒருங்குறியில் பதின்ம எண்ணாக 2944 முதல் 3071 வரை. ஸ்பிங்க்ஸ்-லின்ட் கருவி பிஓ கோப்புகளையும் படிக்கும், இந்த வகைப் பிழைகளில் பலவற்றைப் பிடிக்கும். கமிட்டுக்கு முன், அதாவது மாற்றங்களைக் கிட் பதிப்புக் கருவியில் பதியும் முன், அதை ஓட விடுங்கள்.

டாக்யூட்டில்ஸில் 'கேரக்டர்-லெவல்-இன்லைன்-மார்க்கப்' என்று ஒரு அமைப்பு உண்டு. சொல்லிடை வெற்றிடம் இல்லாத கிழக்காசிய மொழிகளை மனத்தில் வைத்து வந்தது. இயக்கினால் உருபு ஒட்டியும் வேலை செய்யும். ஆனால் பெருக்கல் குறியாக * வரும் வரிகள், அடிக்கோடு உள்ள மாறிப் பெயர்கள் எல்லாம் குறியீடாகப் படிக்கப்படும் ஆபத்து கூடவே வரும். நிரலாக்க ஆவணத்துக்கு அது ஒத்துவராது.

அறிகுறி: 'டெர்ம் நாட் இன் கிளாசரி', 'இன்கன்சிஸ்டென்ட் டெர்ம் ரெஃபரன்சஸ்'

சொல்லடைவுக்கு இணைக்கும் குறிக்குள் இருந்ததையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டீர்கள். இணைப்பு எங்கே போக வேண்டும் என்பது ஸ்பிங்க்ஸுக்கு அந்த மூலச் சொல்லால்தான் தெரியும். காட்ட வேண்டிய சொல்லை முன்னாலும், மூலச் சொல்லைக் கோணக் குறிக்குள்ளும் வைக்க வேண்டும்:

:டெர்ம்:`சுற்றி <இட்டரேட்டர்>`

இங்கே கோணக் குறிக்குள் உள்ளது ஆங்கிலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். மூலத்தில் கோணக் குறி இல்லாவிட்டாலும் நீங்கள் சேர்க்கலாம். சொல்லடைவுப் பக்கத்தின் தலைச்சொல்லைத் தமிழாக்கினாலும் இந்த வடிவம் முறியாது.

தலைச்சொல்லை நேராகத் தமிழில் இணைத்தவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. 'தொகுப்பு' என்ற சொல்லில் உள்ள 'தொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். உயிர்க்குறி ஒரே எழுத்தாக (3018), அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக (3014, 3006). திரையில் வேறுபாடே தெரியாது. ஸ்பிங்க்ஸுக்கு இரண்டும் வேறு சொல். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றை என்எஃப்சி என்ற ஒருங்கிணைந்த வடிவத்தில் எல்லாக் கோப்பிலும் ஓட்டிவிட்டால் இது தீரும். 'ௌ' க்குப் பதில் கொம்பும் 'ள' என்ற மெய்யும் தட்டச்சியவர்களுக்கு மட்டும் தீராது. ஒருங்குறியில் அவை உண்மையிலேயே வேறு, கையால்தான் திருத்த வேண்டும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த சொற்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறி (8204) ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

அறிகுறி: எம்எஸ்ஜி-எஃப்எம்டி சோதனையில் சதவீதக் குறியால் பிழை

பிஓவைச் சோதித்து எம்ஓவாக்கும் கெட்டெக்ஸ்ட் கருவி எம்எஸ்ஜி-எஃப்எம்டி. இந்தப் பிழை 'பைத்தான்-ஃபார்மட்' குறி உள்ள வரிகளில் வரும். மூலத்தில் '50%' என்பதை அடுத்து ஒரு வெற்றிடமும் 'டி' (d) எழுத்தில் தொடங்கும் சொல்லும் இருந்தால், சதவீதக் குறி, வெற்றிடம், 'டி' மூன்றும் சேர்ந்து பைத்தானின் செல்லுபடியாகும் எண் வடிவக் குறியாகிவிடுகின்றன. கருவி அதைப் பார்த்து இது வடிவச் சரம் என்று முடிவுகட்டிக் குறி போடுகிறது. உங்கள் பெயர்ப்பில் '50% தள்ளுபடி' என்று இருக்கும். 'த' வடிவ எழுத்து அல்ல, உடனே பிழை. பெயர்ப்பைக் கெடுக்காதீர்கள். அந்த வரியின் மேலுள்ள குறியை 'நோ-பைத்தான்-ஃபார்மட்' என்று மாற்றுங்கள்.

அதே சோதனையில் 'மூல வரியும் பெயர்ப்பு வரியும் ஒருசேர வரிமுறிவில் முடியவில்லை' என்று வந்தால் அது நிஜப் பிழைதான். மூல வரியின் கடைசியில் உள்ள வரிமுறிவுக் குறியைப் பெயர்ப்பிலும் சேருங்கள்.

அறிகுறி: அப்டேட் செய்ததும் பாதிப் பெயர்ப்பு காணாமல் போனது

கமிட் செய்யாதீர்கள். முதலில் கிட் வேறுபாட்டைப் பாருங்கள். நீங்கள் பெயர்த்தவை கோப்பின் அடியில் #~ குறியோடு தள்ளப்பட்டிருந்தால் இழப்பு இல்லை, ஒதுக்கிவைத்திருக்கிறது. கோப்பே காலியாகப் புதிதாய் வந்திருந்தால் பெயர் மாறியிருக்கிறது. மூல ஆவணம் வேறு கோப்பகத்துக்கு நகர்ந்திருக்கலாம், அல்லது மேலே சொன்ன காம்பேக்ட் அமைப்பை யாரோ தொட்டிருக்கலாம்.

நிரலின் உள்விளக்கங்களை ஸ்பிங்க்ஸின் ஆட்டோடாக் நீட்சி மூலம் எடுக்கும் ஆவணங்களில் காரணம் வேறு. பிஓடி எடுக்கும் கணினியில் அந்தத் தொகுதியை இறக்குமதி செய்ய முடியாமல் போயிருக்கும். ஒரு சார்பு நிறுவப்படவில்லை என்றால் போதும், ஆட்டோடாக் எச்சரிக்கை ஒன்றைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகும். அந்தத் தொகுதியின் எல்லா வரிகளும் பிஓடியில் இல்லாமல் போகும், அப்டேட் அவற்றைப் பழையவை என்று ஓரங்கட்டும். எனவே கெட்டெக்ஸ்ட் பில்டில் வரும் எச்சரிக்கைகளைப் பிழையாகவே எடுத்து நிறுத்தும்படி பெரிய எழுத்து 'டபிள்யூ' தெரிவைக் கொடுத்து ஓட்டுங்கள்.

மீட்க: பழைய கமிட்டில் உள்ள எல்லா பிஓக்களையும் எம்எஸ்ஜி-கேட் கருவியால் 'யூஸ்-ஃபர்ஸ்ட்' தெரிவோடு ஒரே தொகுப்புக் கோப்பாக்குங்கள். பிறகு புது பிஓ ஒவ்வொன்றுக்கும் எம்எஸ்ஜி-மெர்ஜ் ஓட்டி, அந்தத் தொகுப்பைக் 'காம்பெண்டியம்' தெரிவில் கொடுங்கள். மூல வரி மாறாதவை எல்லாம் அப்படியே திரும்பி வரும். 'நோ-ஃபஸி-மேட்சிங்' தெரிவையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் தொடர்பில்லாத வரிகளிலிருந்து அரைகுறைப் பொருத்தங்கள் வந்து குவியும்.

அறிகுறி: ஒரு சொல் திருத்தினேன், கிட் வேறுபாடு ஆயிரம் வரி

வரி மடிப்பு. போஎடிட் என்ற பிஓ திருத்தி ஓர் அகலத்தில் மடிக்கும், ஸ்பிங்க்ஸ்-இன்டல் இயல்பாக 76 எழுத்தில் மடிக்கும், வலைத் திருத்தி இன்னொரு அகலத்தில். பொருள் மாறாது, வேறுபாடு மட்டும் வீங்கும், திறனாய்வு செய்பவர் கண் கட்டிப்போகும். ஒரு அகலத்தை முடிவு செய்து, கமிட்டுக்கு முன் எல்லாக் கோப்பையும் ஒரே கருவியால் மடியுங்கள். பைத்தான் மொழிபெயர்ப்புக் குழுக்களில் பவ்ராப் என்ற கருவி இதற்காகவே புழங்குகிறது. எம்எஸ்ஜி-கேட்டின் 'விட்த்' தெரிவும் போதும்.

மெர்ஜ் மோதல் தலைப்பில் உள்ள உருவாக்கத் தேதியில் மட்டும் என்றால் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மோதலைக் கையால் தீர்த்தபின் 'டூப்ளிகேட் மெசேஜ் டெஃபினிஷன்' என்று வந்தால், ஒரே மூல வரி இரண்டு முறை விழுந்திருக்கிறது. சரியான பெயர்ப்பை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

அறிகுறி: தேடல் பெட்டியில் தமிழ்ச் சொல்லைப் போட்டால் தொடர்பில்லாத பக்கங்கள் வருகின்றன

ஸ்பிங்க்ஸின் தேடல் அட்டவணை, சொற்களைப் பைத்தானின் சொல்லெழுத்து விதியால் வெட்டுகிறது. அந்த விதியில் தமிழ் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்தாக எண்ணப்படுவதில்லை. ஒருங்குறியில் அவை 'குறி' வகையைச் சேர்ந்தவை, 'எழுத்து' வகை அல்ல. எனவே 'பட்டியல்' என்ற சொல் 'பட', 'ட', 'யல' என்று மூன்று துண்டாகிவிடும். உலாவியில் ஓடும் தேடல் நிரலும் எழுத்து, எண் வகைகளை மட்டும் வைத்தே வெட்டுவதால் அங்கும் இதே துண்டுகள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுவதால் தேடல் ஏதோ வேலை செய்வதுபோலத் தோன்றும். ஆனால் 'பட்டன்', 'கட்டு', 'செயல்' என்ற மூன்று சொற்களும் எங்காவது இருக்கும் பக்கம் 'பட்டியல்' தேடலில் வந்து நிற்கும். முதலாவதில் 'பட', இரண்டாவதில் 'ட', மூன்றாவதில் 'யல' கிடைத்துவிட்டதே.

ஸ்பிங்க்ஸின் தேடல் மொழிகளில் தமிழ் இல்லை, நாமே சேர்க்க வேண்டும். 'சர்ச்லேங்குவேஜ்' வகுப்பிலிருந்து ஒரு துணை வகுப்பு எழுதி, அதன் 'ஸ்ப்ளிட்' செயற்கூற்றில் 2944 முதல் 3071 வரையிலான எல்லாக் குறிகளையும் சொல்லின் பகுதியாக ஏற்கும் விதியைக் கொடுங்கள். 'ஜேஎஸ்_ஸ்ப்ளிட்டர்_கோடு' என்ற பண்பில் அதே விதியை ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதுங்கள். கான்ஃப் கோப்பின் 'செட்டப்' செயற்கூற்றில் 'ஆட்_சர்ச்_லேங்குவேஜ்' மூலம் பதிவு செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் முன்பைவிட மோசமாகும், எதுவுமே கிடைக்காது.

இதன் பின்னும் 'பட்டியல்' என்று தேடினால் 'பட்டியலில்', 'பட்டியலை' வராது. தேடல் நிரலில் ஒரு வசதி உண்டு: இரண்டு எழுத்துக்கு மேல் நீளமான சொல் அட்டவணையில் அப்படியே இல்லையென்றால், அதை உள்ளடக்கிய சொற்களை அது தேடிப் பார்க்கும். எனவே தேடுபவர் பக்க வெட்டு விதியில் மட்டும், சொல்லின் கடைசிப் புள்ளியை நீக்கிவிடுங்கள். 'பட்டியல' என்ற துண்டு 'பட்டியல்', 'பட்டியலில்', 'பட்டியலை' மூன்றிலும் இருக்கிறது. முழு உருபியல் பகுப்பாய்வு இல்லாமலே பெரும்பாலான தேடல்கள் இதில் தேறிவிடும்.

அறிகுறி: பிடிஎஃப் கட்டும்போது நிற்கிறது, அல்லது கொம்பு இடம் மாறி வருகிறது

'யூனிகோட் கேரக்டர் நாட் செட் அப்' என்று, பிடிஎஃப் ஆக்கும் லேடெக் அச்சுக்கோப்புக் கருவி நின்றால், இயந்திரம் பிடிஎஃப்லேடெக்காக இருக்கிறது. 'லேடெக்_எஞ்சின்' அமைப்பை ஸீலேடெக் ஆக்குங்கள். பக்கம் கட்டப்பட்டு, 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்தால், எழுத்துருவை அழைக்கும் இடத்தில் 'ஸ்கிரிப்ட்' தெரிவைத் தமிழ் என்று கொடுக்க மறந்திருக்கிறீர்கள். லுவாலேடெக் என்றால் கூடவே 'ரெண்டரர்' தெரிவை ஹார்ஃப்பஸ் ஆக்க வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ் நன்றாக வேலை செய்யும். ஆனால் நோட்டோ தமிழ் எழுத்துருக்களின் பழைய பதிப்புகளில் லத்தீன் எழுத்துகள் இல்லை, புதிய பதிப்பையே நிறுவுங்கள்.

நிரல் துண்டுகளுக்குள் தமிழ்க் குறிப்புரை இருந்தால் பிடிஎஃப்பில் வெற்றிடமாகவோ கட்டமாகவோ வரும். லாக் கோப்பில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' வரிகள் குவிந்திருக்கும். வழக்கமான சம அகல எழுத்துருக்களில் தமிழ் கிடையாது.

அறிகுறி: நிரல் துண்டுகளில் உள்ள குறிப்புரை பிஓவில் வரவே இல்லை

இயல்பு நிலை அதுதான். 'கெட்டெக்ஸ்ட்_அடிஷனல்_டார்கெட்ஸ்' பட்டியலில் 'லிட்டரல்-பிளாக்' சேர்த்தால் நிரல் துண்டு முழுக்க ஒரே மூல வரியாக வரும். குறிப்புரையை மட்டும் மாற்றி, உள்தள்ளலையும் வரிமுறிவையும் அப்படியே விட வேண்டும். அச்சிடும் சரங்களை மொழிபெயர்த்தால் கீழே உள்ள வெளியீட்டையும் மாற்றியாக வேண்டும். பாதி மாற்றிவிட்டு விடுவதைவிடத் தொடாமல் இருப்பதே மேல். பிடிஎஃப் தரும் திட்டமென்றால் மேலே சொன்ன எழுத்துருச் சிக்கலும் கூட வரும்.

சில்லறைச் சிக்கல்கள்

ஆங்கிலப் பக்கத்தில் நீளக் கோடாக வரும் -- தமிழ்ப் பக்கத்தில் இரண்டு சிறுகோடாகவே நிற்கும். மேற்கோள் குறிகளையும் கோடுகளையும் அழகாக்கும் வசதிக்கு டாக்யூட்டில்ஸிடம் மொழிவாரி அட்டவணை ஒன்று இருக்கிறது, அதில் தமிழ் இல்லாததால் வசதி மொத்தமும் அணைந்துவிடும். கோட்டை நேராகவே தட்டச்சுங்கள்.

பிஓவின் முதல் வரியிலேயே தொடரியல் பிழை என்று வந்தால், கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி ஒட்டியிருக்கிறது. பழைய விண்டோஸ் நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் அது சேரும். குறியில்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

ஆவணங்களைக் கட்டி வெளியிடும் ரீட் த டாக்ஸ் தளத்தில் மொழிக்கு ஒரு தனித் திட்டம் உருவாக்கி, அதை மூலத் திட்டத்தின் மொழிபெயர்ப்பாக இணைக்க வேண்டும். ஒரே திட்டத்துக்குள் இரண்டு மொழி கேட்டால் கிடைக்காது.

அறிகுறி: பைத்தான் ஆவணத்தில் பக்கம் திறக்கிறது, மொழித் தேர்வுப் பட்டியலில் மட்டும் நம் மொழி இல்லை

இது பிழை அல்ல, விதி. பட்டியலில் சேர மூன்று பகுதிகள் முழுமையாகப் பெயர்க்கப்பட்டிருக்க வேண்டும்: பிழை அறிவிக்கும் பக்கம், பயிற்சிப் பகுதி முழுவதும், உள்ளமை செயற்கூறுகளின் பக்கம். முதல் பக்கத்தில் உங்கள் மொழிக் களஞ்சியத்தின் சிக்கல் பட்டியலுக்குச் சரியான இணைப்பு இருக்க வேண்டும், வாசகர் மொழிபெயர்ப்புப் பிழையை ஆங்கில ஆவணக் குழுவிடம் கொண்டுபோகாமலிருக்க. எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள எம்எஸ்ஜி-எஃப்எம்டியை 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' தெரிவோடு ஒவ்வொரு கோப்பிலும் ஓட்டுங்கள். பெயர்க்கப்பட்டவை, ஃபஸி, பெயர்க்கப்படாதவை என்று மூன்று எண் தரும். ஃபஸி நிறைவாக எண்ணப்படாது. பயிற்சிப் பகுதியில் 100 விழுக்காடு வரவில்லை என்றால் பெரும்பாலும் அங்கேதான் நாலைந்து வரி ஒளிந்திருக்கும்.